எந்தையாரும் ஏழு படிகளும்

சென்ற ஆண்டு நம் கல்லூரிப் பரிசளிப்பு விழாவில் தமிழ்க் கட்டுரைக்கென எனக்கு ஒரு பரிசு கிடைத்தது. அதனைப் பெருமைக்காக ஈண்டுக் கூறவில்லை. யான் மேடைமீது நின்று அப்பரிசினைப் பெற்ற வேளையில், எனக்குத் தமிழ் கற்பித்த முதலாசிரியராகிய எந்தையார் மண்டபத்தினுள் இல்லை. மண்டபத்தின் மேற்குச் சாளரத்தை அடுத்து நிற்கும் வேப்பமரத்தின் அடியில், தம் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறு, ஒலிபெருக்கி என் பெயரைச் சொல்லுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மண்டப வாயிலில் ஏழு படிகள் உள. அவ்வளவே காரணம்.

"ஐயா, நாங்கள் நால்வர் இருக்கிறோம், நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்விடுவோம்" என்று என் நண்பர்கள் முன்வந்தனர். அவர்கள் நல்லவர்கள், சொன்ன சொற்படி செய்யவும் வல்லவர்கள். எந்தையார் புன்முறுவலோடு கைகூப்பி மறுத்தார். "இங்கே காற்று நன்றாக வருகிறது, இப்படியே இருக்கிறேன், தம்பி" என்றார். அன்று ஒரு வேப்பிலையும் அசையவில்லை என்பதை யான் அறிவேன். அம்மறுப்பின் பொருள் என் நண்பர்களுக்கு விளங்கவில்லை. எனக்கே நான்கு ஆண்டுகளுக்கு முன் விளங்கியிராது. அதனை எழுதவே இக்கட்டுரையைத் தொடங்கினேன்.

எந்தையார் நெல்லைச் சீமையில் ஒரு சிற்றூரிற் பிறந்தவர். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு இரு கால்களும் வலுவிழந்தன. அக்காலத்தே தாய்மார் பெயர் சொல்லவும் அஞ்சிய நோய் அது. இன்றோ கதையாகிவிட்டது. இந்தியாவில் இறுதியாக அந்நோய் காணப்பட்டது 2011-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், மேற்கு வங்கத்து ஹௌராப் பகுதியில். 2014-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள், இந்நாடு அந்நோயினின்று விடுபட்டது என உலக நல நிறுவனத்தார் சான்று அளித்தனர். நோய் நீங்கியது, நோய் தொட்டுச் சென்ற மக்கள் நம்மிடையே வாழ்கின்றனர். எந்தையார் காலில் இரும்புச் சட்டம் பூட்டி, இரண்டு ஊன்றுகோல்களின் துணையோடு சென்னைக்கு வந்து, வேப்பேரியில் ஒரு சிறிய அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவராக இருபத்தாறு ஆண்டுகள் உழைத்தார். ஒற்று மிகும் இடமும் மிகா இடமும் யான் முதற்கண் அறிந்தது நன்னூலினின்று அன்று. அவர் சிவப்பு மையாற் சுழித்துவைத்த தாள்களினின்றே.

அந்நோய்க்கு மற்றுமொரு கொடுமை உண்டு. முப்பது, நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், அத்துணைக் காலமும் உடலைத் தாங்கிநின்ற தசைகளே தளரத் தொடங்கும். மருத்துவர் இதனை நன்கறிவர். எந்தையாருக்கும் அவ்வாறே தோள்கள் தேய்ந்தன. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஊன்றுகோல் போய்ச் சக்கர நாற்காலி வந்தது. அன்று முதற்கொண்டே நகரம் எங்கள் கண்ணுக்கு வேறாயிற்று. ஊன்றுகோல் உடையவருக்கு ஏழு படி என்பது ஏழு படி. வியர்வையோடும் வலியோடும் ஏறிவிடலாம். சக்கரத்தின்மேல் இருப்பவருக்கு ஒரு படியும் ஒரு சுவரே. அஞ்சல் நிலையம், வங்கி, மருந்துக் கடை, நூல் நிலையம் எனத் தாம் இருபதாண்டுகளாகப் புகுந்து பழகிய இடங்களின் வாயில்கள் ஒவ்வொன்றாக அவருக்கு மூடின. வாயில்கள் திறந்தேயிருந்தன என்பதுதான் இதில் வேடிக்கை.

நிற்க. எனக்குப் பதினைந்து வயது நடந்தபோது, குடும்பத்துக்கு உரிய சிறு மனை ஒன்றின் பொருட்டு ஒரு பதிவு அலுவலகத்துக்குச் செல்ல நேர்ந்தது. அது எந்த அலுவலகம் என்பது வேண்டா. அத்தகையன பல உள. அலுவலகம் மாடியில் இருந்தது. நடுவே ஒருமுறை திரும்பும் குறுகிய படிக்கட்டு, இருபத்திரண்டு படிகள். எழுதியவர் நேரில் வருதல் வேண்டும். நிழற்படம் எடுத்தல் வேண்டும். விரற்பதிவும் பொறியின்மீது வைத்தல் வேண்டும். பொறியோ மாடியினின்றும் இறங்காது. யான் குனிந்தேன், எந்தையார் என் முதுகின்மேல் ஏறினார், சுமந்துகொண்டு ஏறினேன்.

உண்மையைச் சொல்லின், அன்று என் நெஞ்சு பூரித்தது. படியோரம் ஒதுங்கி வழிவிட்டோர் அனைவரும் என்னையே நோக்கினர். "இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பிள்ளையா!" என்று ஒரு மூதாட்டியார் வாய்விட்டுக் கூறினார். அச்சொற்கள் எனக்குத் தேனாக இருந்தன. மேலே சென்றதும் எழுத்தர் எந்தையாரை நோக்காது என்னையே நோக்கி, "தம்பி, அப்பாவின் பெயர் என்ன?" என்றார். யான் விடை கூறினேன். "கையெழுத்துப் போடுவாரா?" என்றார். அதற்கும் யானே விடை கூறினேன். அதற்குள் எந்தையார் பத்திரத்தை வாங்கிப் படித்து, நான்கெல்லை கூறும் இடத்தில் கிழக்கு என்பது இருமுறை வந்து, வடக்கு விடுபட்டிருத்தலைச் சுட்டினார். எழுத்தர் பார்த்தார், பிழைதான். திருத்திவிட்டு நிமிர்ந்து, "நன்றி, தம்பி" என்று என்னிடம் சொன்னார்.

வீடு திரும்பும்வரை எந்தையார் ஒன்றும் பேசவில்லை. இரவு உணவு முடிந்தபின் என்னை அருகழைத்து, "நீ என்னைச் சுமந்தாய், ஐயா, ஆண்டவர் அதற்கு உனக்கு நன்மை செய்வார். ஆனால் அந்த அலுவலகத்தில் இன்று என்னை ஒருவரும் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தார்கள்" என்றார். குரலில் சினம் இல்லை. சிறிது நேரம் கழித்து, "இனி மாடியில் உள்ள அலுவல் எதுவாயினும் முதலில் என்னைக் கேள், போகத்தான் வேண்டுமா என்று பார்ப்போம்" என்றார். அந்த மூதாட்டியாரின் சொல் அக்கணமே எனக்குக் கைத்துப்போயிற்று.

பின்னர் இக்கல்லூரியிற் சேர்ந்து இலக்கிய வரலாறு பயிலுங்கால், இரட்டைப் புலவர் பகுதி வந்தது. ஒருவர் கண்ணிலார், மற்றவர் நடக்கவியலார். கண்ணிலார் தோளின்மீது நடக்கவியலாதார் அமர்ந்து வழி சொல்ல, இருவரும் ஊர்தோறும் சென்று பாடினர் என்பது மரபு. திருவாமாத்தூர்க் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் அவர்கள் செய்தன. இக்கதையைக் கேட்டு வகுப்பே உருகிற்று, யானும் உருகினேன். உதவிக்கு இதனைவிட அழகிய சித்திரம் வேறில்லை. அதிலும், சுமந்தவரும் சுமக்கப்பட்டவரும் ஒருவர்க்கொருவர் இன்றியமையாதவர். இருவருள் எவரும் கடன்பட்டவர் அல்லர். பதிவு அலுவலகத்துப் படியில் நானும் எந்தையாரும் அவ்வாறு இருந்தோம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதே ஆண்டில் புறநானூற்றில் வேறொரு புலவரைக் கண்டேன். அவர் ஐயூர் முடவனார். பெயரே அவர் நிலையைச் சொல்லும். அவர் தாமான் தோன்றிக்கோன் என்னும் வள்ளலை நாடிச் சென்று வேண்டியது யாது? பொன் அன்று, பட்டாடை அன்று. தம் வண்டியை இழுக்க ஒரு பகடு வேண்டும் என்றார். அவ்வள்ளல் ஆனிரையும் ஊர்தியுமாக அள்ளிக் கொடுத்தான் என்பது அந்நூலின் 399-ஆம் பாட்டாற் புலனாகும். இப்பாட்டை யான் எந்தையாருக்குப் படித்துக் காட்டியபோது, அவர் மெய்ப்புத் தாளைக் கீழே வைத்துவிட்டு, "பார்த்தாயா, தூக்கிச் செல்ல ஆள் வேண்டும் என்று கேட்கவில்லை, மாடு கேட்டிருக்கிறார்!" என்று உரக்க நகைத்தார். இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் வாழ்ந்த அப்புலவரும் என் தந்தையாரும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டது போன்றதொரு நகைப்பு அது.

அப்புறநானூற்றிலேயே 28-ஆம் பாட்டு, மக்கட் பிறப்பில் எட்டு வகைக் குறைகளை எண்ணி, அவை பயனற்ற பிறப்புக்கள் எனப் பழையோர் கூறினர் என்று உரைக்கின்றது. தமிழ் பயில்வோர் அதனையும் மறைத்தல் கூடாது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைகளை எண்ணுகின்றது. ஆனால் எண்ணுவது ஒதுக்குதற்கன்று, உரிமை தருதற்கு. பழம்பாடல்களில் முடவரும் சிதடருமாக இருந்தோர் பின்னர் ஊனமுற்றோர் ஆயினர். தமிழ்நாட்டில் இந்நூற்றாண்டிலேயே மாற்றுத்திறனாளிகள் ஆயினர். சொல்லில் அன்பு ஏறியது நன்றே. எனினும் அச்சொல் பொறித்த பலகை தொங்கும் அறையே மாடியில் இருக்கக் கண்டிருக்கிறேன்.

சட்டம் யாது சொல்லுகிறது என்பதை இங்குச் சிறிது கூறல் வேண்டும். என் வகுப்புத் தோழர் பலர், இஃது ஏதோ இரக்கத்தைப் பற்றிய செய்தி என எண்ணியிருக்கின்றனர். 1995-ஆம் ஆண்டுச் சட்டமே பொதுக் கட்டடங்களில் சாய்தளம் வேண்டும் என்றது. ஆனால் பொருள் வசதிக்கு உட்பட்டு என்றொரு தொடரையும் உடன் சேர்த்தது. அத்தொடரின் நிழலில் இருபதாண்டு உறங்கினோம். 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் அவை இம்மக்களின் உரிமை பற்றிய உடன்படிக்கையை ஏற்றது. 2007-ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியா அதனை உறுதிசெய்தது. அதன் வழிவந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 2017 ஏப்பிரல் 19-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முன்னரே உள்ள பொதுக் கட்டடங்கள் யாவும், விதிகள் வெளிவந்த நாள் தொட்டு ஐந்தாண்டுகளுக்குள் எவரும் புகத்தக்கனவாதல் வேண்டும் என்பது அதன் கட்டளை. விதிகள் 2017 சூன் 15-ஆம் நாள் வெளிவந்தன. ஆகவே தவணை 2022-ஆம் ஆண்டு சூனில் முடிந்தது. எந்தையாரை யான் சுமந்த அந்த இருபத்திரண்டு படிகள் இன்னும் அவ்வாறே உள.

விதிகளிலும் ஒரு குறை இருந்தது. அளவுகளைக் கூறும் வழிகாட்டு நூல்கள் பல இருந்தும், அவற்றைப் பின்பற்றியே தீரவேண்டும் என்னும் கட்டாயம் தெளிவாக இல்லை. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், ராஜீவ் ரதூரி என்பார் தொடுத்த வழக்கில், பதினைந்தாம் விதி சட்டத்தின் கருத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. கட்டாயமானவற்றைத் தனியே பிரித்து, மூன்று திங்களில் விதி வகுக்குமாறு நடுவண் அரசைப் பணித்தது. வழக்குத் தொடுத்தவர் கண்பார்வை இல்லாதவர். வழக்கு 2005-ஆம் ஆண்டில் தொடங்கியது என்பதை எண்ணுங்கால், யான் பிறக்குமுன்பே தொடங்கிய வழக்கு அது என்று உணர்ந்து வியந்தேன்.

"இத்தகையோர் எத்தனை பேர் வருகின்றனர்? ஒருவர் இருவருக்காகக் கட்டடத்தை இடிப்பதா?" என்று வினவுவோர் உளர். 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி இந்தியாவில் இவர்கள் 2 கோடியே 68 இலட்சம். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம். வாயிலிற் காணப்படாமையால் இவர்கள் இல்லை என்று கொள்ளுதல், கிணற்றுக்குக் கயிறு கட்டாமல் வைத்துவிட்டு இவ்வூரில் எவருக்கும் தாகமில்லை என்பதை ஒக்கும். அன்றியும் சாய்தளம் ஒன்று அமைந்துவிட்டால் அதனைப் பயன்கொள்ளுவோர் யாவர் என ஒரு நாள் நின்று நோக்குக. முழங்கால் நோவுற்ற முதியோர், கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளும் தாய்மார், தண்ணீர்க் குடுவைகளை ஏற்றிவரும் கூலியாள், புத்தக வண்டியை உருட்டும் நூலகப் பணியாளர் ஆகிய அனைவரும் அவ்வழியே செல்லுவர்.

இனி, சாய்தளம் உண்டு என்று சொல்லப்படும் இடங்களைப் பற்றி என் அனுபவம் சிறிது. எந்தையாருடன் சென்ற இடங்களிலெல்லாம் அளவு நாடா ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. கணக்கு எளிது. ஓர் அங்குலம் உயர்வதற்குப் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும். ஆறங்குலப் படி ஒன்றுக்கு ஆறடி. இக்கணக்கு ஏன் எனில், அதனினும் செங்குத்தாயின் கைவலியால் சக்கரத்தைத் தள்ளியேற இயலாது. இறங்குங்கால் நாற்காலி தலைகுப்புறக் கவிழும். ஆனால் நகரில் யான் அளந்தவற்றுள் பல, இரு சக்கர வண்டிகளை ஏற்றுதற்காகப் போடப்பட்ட சிமிட்டிச் சரிவுகளே. ஓரிடத்தில் இரண்டடி உயரத்துக்கு ஏழடி நீளம்! மற்றோரிடத்தில் அளவு சரியே; ஆனால் பளிங்கு போன்ற ஓடு பதித்திருந்தனர்; மழைத்துளி விழுந்தால் மீன்கூட வழுக்கும். வேறோரிடத்தில் எல்லாம் ஒழுங்கு, சரிவின் உச்சியில் வாயிற்கதவு பூட்டியிருந்தது, திறவுகோல் காவலரிடம், காவலர் உணவுக்குச் சென்றிருந்தார். அங்கே நாங்கள் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். கதவின் அகலம், உள்ளே நாற்காலியைத் திருப்ப ஐந்தடி வட்டம், இருபுறமும் கைப்பிடி, அமர்ந்தவர் கைக்கெட்டும் உயரத்தில் மேசை, எல்லாவற்றிற்கும் மேலாகக் கழிப்பறை ஆகிய இவற்றுள் ஒன்று தவறினும் மற்றவை வீணே. கழிப்பறையைப் பற்றி எழுத நாணுவது நம் வழக்கம். வெளியே செல்லவேண்டிய நாட்களில் எந்தையார் காலை முதல் தண்ணீர் அருந்துவதில்லை என்பதை மட்டும் எழுதிவிட்டு அப்பாற் செல்கின்றேன்.

சக்கர நாற்காலி ஒன்றையே எண்ணிக்கொண்டிருந்த என்னைத் திருத்தியவர், என் வகுப்பிற் பயிலும் பார்வையற்ற நண்பர். நம் நகரத்து மெட்ரோ நிலையங்களிலே தரையில் மஞ்சள் ஓடுகள் பதித்திருத்தலை யாவரும் கண்டிருப்பீர்கள். நீண்ட கோடுகள் இருந்தால் செல்க என்றும், புள்ளிகள் இருந்தால் நிற்க என்றும் பொருள். 1967-ஆம் ஆண்டு ஜப்பானில் ஓகாயாமா நகரத்துத் தெருவொன்றில் முதன்முதல் இவ்வோடுகளைப் பதித்தவர் செய்ச்சி மியாக்கே என்பார். "காலால் படிக்கும் எழுத்து" என்பார் என் நண்பர். அவர் ஒருமுறை ஓர் அலுவலகத்தில் அக்கோட்டை நம்பிச் சென்றபோது, அது நேரே ஒரு பூந்தொட்டியிற் கொண்டுபோய் விட்டதாம். "எழுத்துப் பிழை, ஐயா, உன் தந்தையாரிடம் சொல்லித் திருத்தச் சொல்" என்றார். மின்தூக்கியில் எந்தத் தளம் வந்தது என்று சொல்லும் குரல் இல்லாத கட்டடங்களில், கதவு திறக்குந்தோறும் வெளியே தலையை நீட்டி "இது எத்தனையாவது மாடி?" என்று காற்றை நோக்கிக் கேட்க வேண்டியிருக்கிறது என்றும் அவர் கூறினார். செவி கேளாதாருக்கோ, அலுவலகத்தில் எழுத்தர் பெயர் சொல்லி அழைப்பதே போதாது. எண்ணைக் காட்டும் பலகை வேண்டும்.

குறைகளையே கூறிச் செல்லுதல் முறையன்று. இந்நகரில் மாறியனவும் உள. 2015-ஆம் ஆண்டு சூனில் மெட்ரோ ஓடத் தொடங்கியதன் பின் எந்தையார் தனியே செல்லத்தக்க ஊர்தி ஒன்று ஏற்பட்டது. 2024-ஆம் ஆண்டில் தாழ்தளப் பேருந்துகள் சிலவும் தெருவுக்கு வந்தன. 2022-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள் மெரீனாக் கடற்கரை மணலின்மீது 263 மீட்டர் நீளமுள்ள மரப்பாதை திறக்கப்பட்டது, அடுத்த திங்களே மாண்டஸ் புயல் அதனைச் சிதைத்தது, பின்னர்ச் செப்பனிடப்பட்டது. சென்னையில் இத்தனை ஆண்டு வாழ்ந்தும் எந்தையார் கடலை நெருங்கியவர் அல்லர். ஊன்றுகோல் மணலிற் புதையும். செப்பனிட்ட பாதையின் கோடிவரை அவர் தாமே சக்கரத்தை உருட்டிச் சென்று, அலையை நோக்கி நெடுநேரம் இருந்தார். யானும் அன்னையாரும் தொலைவில் நின்றோம். அருகே வரவேண்டா என்று அவர் கையசைத்துவிட்டார்.

யான் மறவாத நாள் வேறொன்று. 2010-ஆம் ஆண்டு கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு அவரை அழைத்துச் சென்றேன். வாயிலிற் படி தடுக்கவில்லை, மின்தூக்கி இருந்தது. உள்ளே புகுந்ததும் அவர் என்னை நோக்கி, "நீ போய் உன் பாடத்தைப் பார், நான் மேலே போகிறேன்" என்றார். மின்தூக்கியின் கதவு மூடிற்று. ஒரு மணி ஆயிற்று, இரண்டு மணி ஆயிற்று, அவர் இறங்கவில்லை. எனக்குக் கவலை மிகுந்து மேலே சென்று பார்த்தேன். தமிழ் நூல்கள் உள்ள தளத்தில் அடுக்குகளிடையே, மடியில் நான்கு நூல்களோடு, பக்கத்தில் இருந்த இளைஞர் ஒருவரோடு ஏதோ ஒரு பதிப்பின் பிழைகளைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார். அவ்விளைஞர் அவரையே நோக்கினார். அவர் சொல்லையே கேட்டார். யான் அருகே சென்று நின்றபோது, "இவன் என் மகன்" என்று என்னை அவருக்கு அறிமுகம் செய்தார். பதிவு அலுவலகத்தில் இழந்ததை அந்நாள் அங்கே அவர் பெற்றார் என்று கண்டேன்.

பரிசளிப்பு விழாவன்று மாலை வீடு திரும்பும் வழியில் யான் வருத்தத்தோடு இருந்தேன். எந்தையார் பரிசு நூலின் அச்சுப் பிழைகளைத் தேடிக்கொண்டே வந்தவர், "யோவான் சுவிசேஷத்தில் பெதஸ்தா குளத்தருகே கிடந்தவன் எத்தனை ஆண்டு காத்திருந்தான்?" என்றார். "முப்பத்தெட்டு" என்றேன். "குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்பதுதானே அவன் குறை? ஐந்து மண்டபம் கட்டினவர்கள் ஒரு சரிவு கட்டியிருந்தால் அவன் தானே உருண்டு போயிருப்பான், நமக்குத்தான் ஓர் அற்புதம் குறைந்திருக்கும்" என்றார். பின்பு, "உங்கள் மண்டபம் கட்டி எத்தனை ஆண்டு இருக்கும்?" என்று வினவினார். யான் விடை கூறவில்லை.

மறுநாள் தமிழ் மன்றத்து நண்பர் மூவரோடு மண்டப வாயிலை அளந்தேன். தூக்கிச் செல்ல முன்வந்த நால்வருள் இருவர் அதில் அடங்குவர். ஏழு படிகள், ஒவ்வொன்றும் ஆறங்குலம்; உயரம் நாற்பத்திரண்டு அங்குலம்; ஆகவே சாய்தளம் நாற்பத்திரண்டு அடி. அத்துணை உயரத்தை ஒரே மூச்சில் ஏறுதல் ஆகாதாதலின் இடையே ஐந்தடிச் சமதளம் ஒன்று. மொத்தம் நாற்பத்தேழு அடி. வாயிலுக்கு நேரே அவ்வளவு இடமில்லை. மேற்குச் சுவரை ஒட்டிக் கொண்டுசென்று, வேப்பமரத்தருகே திருப்பினால் மரத்தையும் வெட்டவேண்டா, முகப்பின் அழகும் கெடாது. இதனைப் படமாக வரைந்து விண்ணப்பத்தோடு முதல்வர் அவர்களிடம் கொடுத்தோம். அவர்கள் இருமுறை படித்து, "இத்தனை ஆண்டாக இப்படிகளில் ஏறுகிறேன், எண்ணியதில்லை" என்றார்கள். கல்லூரிக் குழுவினர் ஒப்புதல் தருவதற்கு எட்டுத் திங்கள் சென்றன. செலவு மிகுதி என்றவரும், பழங்கட்டடத்தின் முகம் மாறும் என்றவரும் அக்குழுவில் இருந்தனர் என்று கேள்வி. எவ்வாறோ முடிந்தது.

சென்ற கிழமை செங்கல்லும் மணலும் வந்து இறங்கின. செய்தியை எந்தையாரிடம் கூறியபோது, "நாற்பத்தேழா? கொத்தனார் முப்பதாக்கிவிடுவார், பார்த்துக்கொள்" என்றார். அவர் சொற்படியே நேற்று மாலை வகுப்பு முடிந்ததும் சென்று பார்த்தேன். கொத்தனார் முளையடித்து நூல் கட்டியிருந்தார். அளந்தேன், முப்பத்தாறடி. "போதும், தம்பி, வண்டி நன்றாக ஏறும்" என்றார் அவர். "வண்டி ஏறும், அண்ணே, தள்ளுவோர் இல்லாமல் ஏறவேண்டும்" என்றேன். அவர் என்னைச் சற்று நேரம் உற்று நோக்கினார். பின்பு முளையைப் பிடுங்கிக்கொண்டு வேப்பமரத்துக்கு அப்பால் நடந்தார். யான் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.